ராஜமாணிக்கம் சார் போட்ட தரை

செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணி இருக்கும். விளாங்குடி வீட்டில் மோட்டாரைப் போட்டுவிட்டு, மாடித் தொட்டி நிரம்பட்டும் என்று வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கருப்பையா கொத்தனாரிடமிருந்து போன் வந்தது. எடுத்ததும், "சார், நம்ம பி.டி. சார் போயிட்டாரு சார்" என்றார். "எங்க போயிட்டாரு?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது. அப்போதுதான் விளங்கியது. தொட்டி நிரம்பி, தண்ணீர் சுவரில் வழிந்து தெருவுக்கு வந்த பிறகும் நான் அசையவில்லை. என் மனைவி மங்கை வந்துதான் சுவிட்சை அணைத்தாள்.

நம் பள்ளியில் வேலை பார்த்த எல்லோருக்கும் ராஜமாணிக்கம் சாரைத் தெரியும். உடற்கல்வி ஆசிரியர். ஓய்வு பெற்ற நாள் வரைக்கும் வெள்ளை கேன்வாஸ் ஷூ, கழுத்தில் விசில். ஆசிரியர் அறையில் அவர் நாற்காலி காலியாகத்தான் கிடக்கும்; ஆள் மைதானத்தில் இருப்பார். அவரைப் பற்றிச் சொல்ல நம் ஒவ்வொருவரிடமும் ஒரு மைதானக் கதை இருக்கும். நான் எழுத நினைப்பது அவர் தன் வீட்டுக்குப் போட்ட தரையைப் பற்றி. ஆனாலும் என்னிடம் உள்ள மைதானக் கதையைச் சொல்லாமல் அந்த வீட்டுக்குள் போக முடியாது.

ஓர் ஆண்டு விளையாட்டு விழா. தலைமை விருந்தினர் மேடையில் உட்கார்ந்துவிட்டார். நூறு மீட்டர் ஓட்டத்துக்குப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். விசிலை வாயில் வைத்த சார், அதை எடுத்துவிட்டு நேராக ஓட்டப் பாதையின் நடுவில் போய்க் குனிந்து பார்த்தார். மூன்றாவது கோடு ஒரு சாண் அளவுக்கு வளைந்திருந்தது. மைக்கை வாங்கி, "கோட்டைத் தப்பாப் போட்டுட்டேன், என் தப்புதான், பத்து நிமிசம் பொறுத்துக்கங்க" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். காலாலேயே கோட்டை அழித்து, சுண்ணாம்புத் தூள் வாளியை எடுத்துவந்து புதிதாகப் போட்டார். தலைமையாசிரியருக்கு முகம் சிவந்துவிட்டது. விழா முடிந்ததும் நான் கேட்டேன், "ஒரு சாண்தானண்ணே, யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே சண்முகம். அதுக்குப் பெறகு எப்படி விசில் ஊதுறது?"

அவர் ஓய்வு பெற்று இரண்டு வருடத்தில் அவர் மனைவி வசந்தா அக்காவுக்குப் பார்க்கின்சன் நோய் வந்தது. அக்காவை உங்களில் சிலர் தபால் ஆபீஸ் கவுண்டரில் பார்த்திருப்பீர்கள். முதலில் வலது கை நடுங்கியது. பிறகு நடையில் ஒரு சிக்கல். நடந்து வந்துகொண்டே இருப்பார்; திடீரென்று கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். உடம்பு முன்னால் சாயும், கால் வராது. வாசற்படி கிட்டே வந்தால் கட்டாயம் நிற்கும். அப்படி ஒருநாள் சமையலறைப் படியில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது.

அவர்கள் வீடு கே.கே. நகரில், வண்டியூர்க் கண்மாய்ப் பக்கம். இருபது வருடத்துக்கு முன்பு போட்ட டைல்ஸ் தரை. மழைக் காலத்தில் அடியிலிருந்து ஓதம் ஏறி, டைல்ஸ்கள் அங்கங்கே தூக்கிக்கொண்டு நின்றன. நடந்தால் டொக் டொக்கென்று சத்தம். ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் அந்தத் தரையில் வெறுங்காலை வைத்தால் ஈரச் சாக்கில் மிதித்தது போல இருக்கும். அந்தக் குளிர்ச்சி பட்டாலே அக்காவின் கால் விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டு குரக்கு இழுக்கும். செருப்புப் போட்டு நடக்கவும் முடியாது, தடுக்கும்.

சார் ஒருநாள் மஞ்சள் பையில் ஒரு டைல்ஸ் துண்டைப் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். நான் இயற்பியல் ஆசிரியன் என்பதால் என்னிடம் வந்தாராம். "சண்முகம், ஈரம் ஏன் மேல ஏறுது? குளிரு ஏன் கால்ல ஏறுது? ரெண்டையும் நிறுத்தணும். அதோட, வீட்டுக்குள்ள ஒரு இடத்துல கூடத் தடுக்கக் கூடாது. என்ன செய்யலாம்?" என்றார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். டைல்ஸை எல்லாம் பெயர்த்து எடுத்துவிட்டு, மண்ணை இறுக்கி, மேலே ஈரம் ஏறாமல் பாலித்தீன் ஷீட் விரித்து, அதன் மேல் தெர்மகோலைப் போலவே இருந்தாலும் ஆள் ஏறி நின்றாலும் அமுங்காத பலகைகளை அடுக்கி, அதற்கும் மேலே கம்பி வலை வைத்துக் கான்கிரீட் போட்டு, கடைசியில் மெஷினால் பாலிஷ் செய்யலாம் என்றேன். ஒரே தரை, இணைப்பு கிடையாது, தூக்கிக்கொண்டு நிற்க எதுவும் கிடையாது. அறைகளுக்கு இடையே உள்ள படிகளையும் எடுத்துவிடலாம். படம் வரைந்து காட்டினேன். அவர் அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதனால் பின்னால் நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு.

வேலையை எடுத்தவர் கருப்பையா. அவருடைய அப்பாவும் அம்மாவும் அலங்காநல்லூர்ப் பக்கம் வயல்களில் கூலி வேலை பார்த்தவர்கள். கருப்பையா மதுரைக்கு வந்து கொத்தனாராகி, இப்போது பாலிஷ் மெஷினும் எட்டு ஆட்களும் சொந்தமாக வைத்திருக்கிறார். அந்தப் பலகைகள் லாரியில் வந்து இறங்கிய அன்று அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"என்ன சார் இது, மதுரையில தரைக்கு ஸ்வெட்டரா?"

"ஆமாய்யா. எங்க வீட்டம்மாவுக்குக் குளிருது, போடு" என்றார் சார்.

வேலை நடந்த நாற்பது நாளும் சாரும் அக்காவும் விளாங்குடியில் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். எனக்கும் மங்கைக்கும் அந்த நாற்பது நாளும் கல்யாண வீடு போல இருந்தது. சார் காலை ஐந்தரைக்கு எழுந்து எங்கள் தெருவைக் கூட்டிவிடுவார். வேண்டாம் என்றால் கேட்க மாட்டார். மங்கைக்கு ரசம் வைக்கத் தெரியவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லி, தானே வைத்துக் காட்டி, அதுவும் நன்றாக இல்லை என்று ஒப்புக்கொண்டார். அக்கா நடக்கும்போது பக்கத்தில் போய்க்கொண்டே, "லெஃப்ட், ரைட், லெஃப்ட்" என்று மெதுவாக எண்ணுவார். "நான் என்ன உங்க ஸ்கூல் பிள்ளையா? சும்மா வாங்க" என்று அக்கா அதட்டுவார். கொஞ்ச தூரம் போனதும், "எண்ணுங்களேன், ஏன் வாயை மூடிட்டீங்க?" என்பார்.

எங்கள் வீட்டு நிலைப்படி ஒவ்வொன்றிலும் அக்கா நின்றுவிடுவார். சார் அதைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னும் கொஞ்ச நாள்தான் வசந்தா. அங்க ஒரு படி கூடக் கிடையாது. கண்ணாடி மாதிரி போட்டு வைக்கச் சொல்லியிருக்கேன். நீ பாட்டுக்கு வழுக்கிட்டுப் போற மாதிரி போகலாம்" என்பார். அக்கா சிரித்துக்கொள்வார்.

தினமும் காலையில் என் வண்டியின் பின்னால் உட்கார்ந்து சார் கே.கே. நகர் போவார். கான்கிரீட் போட்ட அன்று நானும் கூட இருந்தேன். கலவை கொட்டக் கொட்ட, கருப்பையா நீளமான மட்டப்பலகையை இழுத்துக்கொண்டே பின்னால் நகர்ந்தார். சார் ஒரு மூலையில் முழங்காலிட்டு, கன்னம் தரையில் படுகிற அளவுக்குக் குனிந்து, மேடு பள்ளம் தெரிகிறதா என்று பார்த்தார். ஒரே ஒரு வாக்குவாதம் வந்தது. கூடம் நீளமானது, நடுவில் ஒரு கோடு அறுத்துவிடாவிட்டால் தரை தானாக வெடிக்கும் என்றார் கருப்பையா. ஒரு கோடு கூட இருக்கக் கூடாது என்றார் சார். "சார், தண்ணி வத்தும்போது கான்கிரீட்டு சுருங்கும். நீங்க விசில் ஊதினாலும் நிக்காது" என்றார் கருப்பையா. சார் அரை மனதோடு ஒத்துக்கொண்டார். கூடத்தின் நடுவில் குறுக்கே ஒரே ஒரு கோடு விழுந்தது.

பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, மூன்று வாரம் கழித்துப் பாலிஷ் மெஷின் ஏறியது. முரட்டுக் கல்லில் தொடங்கி, நைசான கல் வரை மாற்றி மாற்றித் தேய்த்தார்கள். சாம்பல் நிறச் சேற்றைத் தள்ளித் தள்ளித் தரை மேலே வந்தது. கடைசி நாள் ஜன்னலைத் திறந்தபோது, வெளியில் நின்ற வேப்ப மரம் கூடத்துத் தரையில் தலைகீழாகத் தெரிந்தது. கருப்பையா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓரமாக நடந்தார். நாற்பது வயது மனிதர், தன் வேலையைப் பார்த்துத் தானே வெட்கப்பட்டது போல இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பால் காய்ச்சினார்கள். நம் பள்ளிக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தீர்கள். சென்னையிலிருந்து அவர்கள் மகள் தேன்மொழி வந்திருந்தாள். சார் அக்காவைக் காரிலிருந்து இறக்கி வாசல் வரை கூட்டிவந்து கையை விட்டார். "போ வசந்தா. உன் தரை" என்றார்.

அக்கா உள்ளே இரண்டு எட்டு வைத்தார். நின்றுவிட்டார்.

சார் எண்ணினார். பாட்டுப் போல எண்ணினார். அக்காவின் கால் வரவில்லை. முழங்கால்கள் மட்டும் படபடவென்று ஆடின. எல்லோரும் அவர் காலையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஐந்து நிமிடம் இருக்கும். அக்கா தலையைத் தூக்காமலே அழத் தொடங்கினார். "எனக்குத் தண்ணி மாதிரி தெரியுதுங்க. காலை வச்சா உள்ள போயிருவேன் போல இருக்கு. எங்கிட்டு வைக்கிறதுன்னு தெரியல" என்றார்.

தேன்மொழி ஓடிவந்து தாங்கி, நாற்காலியில் உட்காரவைத்தாள். நாலு பேர் நாற்காலியோடு தூக்கி உள்ளே கொண்டுபோனார்கள். சார் கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. எல்லோரும் போன பிறகு, கருப்பையா தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக நினைத்து, "மேல மேட் விரிச்சுருவோமா சார்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நீ நான் சொன்னதைத்தானய்யா செஞ்ச. உன் மேல தப்பில்ல" என்றார் சார். பிறகு என்னைப் பார்த்தார். "இம்புட்டும் செஞ்சேன் சண்முகம். உங்கிட்டக் கேட்டேன், இவர்கிட்டக் கேட்டேன், டாக்டர்கிட்டக் கேட்டேன். நடக்கப் போறவ அவ. அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே."

அன்று மாலையே அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் அப்போது அங்கே இல்லை. பின்னால் அக்காதான் சொன்னார். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "வசந்தா, தப்பாப் போட்டுட்டேன். உனக்கு எப்படி வேணும்னு சொல்லு" என்றாராம். அக்கா கோபமாகத்தான் இருந்திருக்கிறார். "இப்பக் கேளுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். அவர் எழுந்து போகவில்லை. ரொம்ப நேரம் கழித்து அக்கா, "அந்த நடுக்கோடு இருக்கில்ல, அதுகிட்ட என்னைக் கூட்டிட்டுப் போங்க" என்றிருக்கிறார்.

அந்த ஒற்றைக் கோட்டின் முன்னால் நிறுத்தினால் அக்காவின் கால் தானாக உயர்ந்து கோட்டைத் தாண்டியது. திருப்பி நிறுத்தினால் திரும்பவும் தாண்டியது. கோட்டுக்கு அப்புறம் வழவழப்பான இடத்தில் பழையபடி ஒட்டிக்கொண்டது. ஏதாவது ஒன்றைத் தாண்டு என்று கண் சொன்னால்தான் கால் கேட்கிறது. மறுநாள் டாக்டரிடம் கேட்டபோது, சிலருக்கு அப்படித்தான், குறுக்குக் கோடு உதவும் என்று அவரும் சொன்னார்.

அடுத்த மூன்று நாள் அந்த வீட்டில் நடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். சார் ஒரு பெட்டி சாக்பீஸோடு தரையில் மண்டியிட்டிருந்தார். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து உத்தரவு போட்டார்.

"அம்புட்டு தூரம் எட்டாது. இன்னும் கிட்ட."

"இங்கயா?"

"இங்கிட்டு வாங்க. ம். கொஞ்சம் தள்ளி. அடிச்சது அடிச்சதாவே இருக்கட்டும், நடந்து பாக்குறேன்."

நடந்து பார்ப்பார். சரியில்லை என்பார். சார் ஈரத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி போடுவார். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் ஒன்றே கால் அடி. அதைக் கண்டுபிடிக்க அந்த மூன்று நாள் ஆனது. படுக்கையறையிலிருந்து குளியலறைக்கு, படுக்கையறையிலிருந்து சமையலறைக்கு, கூடம் வழியாக வாசலுக்கு என்று எந்த வழியில் வேண்டும் என்பதையும் அக்காதான் முடிவு செய்தார். பூஜை அறைக்குக் கோடு வேண்டாம் என்றுவிட்டார். "அங்க நின்னா நின்னுட்டுப் போறேன். சாமிதானே, காத்திருக்கட்டும்" என்றார். சார் தரையில் உட்கார்ந்தபடியே விழுந்து விழுந்து சிரித்தார். பால் காய்ச்சிய நாளுக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

கருப்பையாவைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. "என் வாழ்க்கையில இப்படி ஒரு தரை போட்டதில்ல சார். அதை நானே அறுக்கவா? மேல பெயிண்ட் அடிச்சுக்கலாமே" என்றார். பெயிண்ட் தேய்ந்துபோகும் என்றார் சார். இருவரும் முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அப்போது அக்கா, "கருப்பையா, இங்க வாங்க" என்று கூப்பிட்டு, அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சாக்பீஸ் கோடுகளைத் தாண்டித் தாண்டிச் சமையலறை வரை நடந்து, திரும்பி வந்தார். பாதி வழியில் தோளை விட்டுவிட்டார். மறுநாள் கருப்பையா செல்லூரில் ஒரு பட்டறையிலிருந்து கட்டிங் மெஷினை வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

கோடுகளைக் கம்பியில் படாத ஆழத்துக்கு அறுத்து, விரல் இடறாதபடி தரைமட்டத்துக்குக் காவி நிறத்தில் அடைத்தார்கள். காவியைத் தேர்ந்தெடுத்ததும் அக்காதான்; கோலத்துக்கு ஓரம் கட்டுவது போல இருக்கும் என்றார். பளபளப்பு போக, முரட்டுக் கல்லைத் திரும்ப ஏற்றி ஒரு தடவை தேய்த்தார்கள். வேப்ப மரம் மறைந்துவிட்டது. மங்கலான, சாதாரணமான, காலுக்கு இதமான தரை. அடியில் வைத்த பலகைகள் மட்டும் முதல் திட்டப்படியே வேலை செய்தன. அந்தக் கார்த்திகையில் அக்காவுக்கு ஒருநாள் கூடக் குரக்கு இழுக்கவில்லை. சார் அதைப் போனில் எனக்குத் தினமும் அறிவித்தார், கிரிக்கெட் ஸ்கோர் சொல்வது போல.

பால் காய்ச்ச வந்திருந்த உங்கள் எல்லோரையும் அவர் திரும்ப அழைத்தது நினைவிருக்கும். ஏன் இரண்டாவது முறை என்று கேட்டவர்களிடம், "மொதத் தடவை தப்பாப் போட்டுட்டேன். சரியானதையும் பாத்துட்டுப் போங்க" என்றார். அன்று வாசலில் நின்று உங்களை வரவேற்றது வசந்தா அக்கா.

இரண்டு வருடம் போனது. நோய் நிற்கவில்லை, பேச்சு மெதுவானது, எழுத்து சிறுத்தது. ஆனால் அக்கா அந்த வீட்டுக்குள் நடந்தார். சார் பக்கத்தில் இருந்தும் பிடிக்க மாட்டார். ஒருமுறை அக்கா குளியலறை வாசலில் நின்றுவிட, நான் பதறிப்போய்க் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். அக்கா தடுமாறி விழப் பார்த்தார். பிறகு சார் என்னை வெளியே கூட்டிப்போய்ச் சொன்னார், "இழுக்காத சண்முகம். இழுத்தா அவ கால் உன் வேகத்துக்கு வரணும். நீ பக்கத்துல நில்லு, போதும். அவளுக்கு வரும்போது வரும்." அவர் குரலில் கோபம் இல்லை. பள்ளிப் பிள்ளைகளைக் கூட அவர் அதட்டித்தான் பார்த்திருக்கிறோம். என்னை அதட்டாதது எனக்கு இன்னும் உறுத்தியது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அவர் நடைப்பயிற்சி முடித்து வந்து, வாசல் வராந்தாவில் பேப்பரோடு உட்கார்ந்திருக்கிறார். நெஞ்சு வலி என்று யாரையும் கூப்பிடவில்லை. உள்ளே படுக்கையில் இருந்த அக்கா, காபி நேரம் தாண்டியும் ஆளைக் காணோம் என்று குரல் கொடுத்திருக்கிறார். பதில் இல்லை. எழுந்து, படுக்கையறையைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, ஒவ்வொரு கோடாக வாசலுக்கு வந்திருக்கிறார். காம்பவுண்டு சுவரில் ஒரு விரிசலைப் பார்க்க வரச் சொல்லியிருந்ததால், கருப்பையா அதே நேரம் கேட்டைத் திறந்திருக்கிறார்.

"நான் உள்ள வாரேன், அக்கா வாசல்ல நிக்கிறாங்க சார். தனியா. யாரும் பிடிக்கல. சார் நெத்தியில கையை வச்சுக்கிட்டு நிக்கிறாங்க" என்று கருப்பையா பின்னால் என்னிடம் சொன்னார். "அவரு தலை சாயாம பிடிச்சுக்கிட்டே, 'கருப்பையா, டாக்டரைக் கூப்பிடுங்க, ஆனா அவசரம் இல்ல'ன்னாங்க சார்."

தன் கணவரிடம் முதலில் போய்ச் சேர்ந்தவர் அக்காவேதான். வேறு யாரோ வந்து சொல்லி, கட்டிலில் கிடந்தபடி கேட்டுக்கொள்ளும் நிலை அவருக்கு வரவில்லை. ராஜமாணிக்கம் சார் தன் மனைவிக்குச் செய்ததில் இதுதான் பெரியது என்று நான் நினைக்கிறேன். இதை அவர் எதிர்பார்த்துச் செய்திருக்க மாட்டார்.

இப்போது தேன்மொழி தன் வேலையை மதுரைக்கு மாற்றிக்கொண்டு அம்மாவோடு இருக்கிறாள். சனிக்கிழமைகளில் நான் போகிறேன். சாரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது என்ன என்று இந்த வாரம் யோசித்தேன். வேண்டியவருக்கு நல்லது செய்யும் முன் அவரிடமே ஒரு வார்த்தை கேட்பது. கேட்காமல் செய்துவிட்டால், கேட்கவில்லை என்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்வது. பிறகு பக்கத்தில் நிற்பது. மூன்றுமே எனக்கு இயல்பாக வராதவை. நான் அவசரக்காரன் என்பதை என்னிடம் படித்த பிள்ளைகள் சொல்வார்கள்.

போன சனிக்கிழமை தேன்மொழி மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். அக்கா எனக்குக் காபி போட்டுத் தருகிறேன் என்று பிடிவாதமாக எழுந்து, சமையலறை வாசலில் நின்றுவிட்டார். என் கை முன்னால் போனது. மடக்கிக்கொண்டேன். பக்கத்தில் போய் நின்றேன். ஜன்னலைப் பார்த்தேன், பல்லியைப் பார்த்தேன், எதையும் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. திரும்பிப் பார்த்தால் அக்காவைக் காணோம். அடுப்புக்கு முன்னாலிருந்து குரல் வந்தது.

"அங்கன என்ன தம்பி பண்றீங்க? பால் பொங்குது, டம்ளரை எடுங்க."